வைத்த கை வைத்தபடி

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையில் இருக்கிறது, நிம்மதியாக இருக்கட்டும். தெருவிலும், வேலை பார்த்த பேக்கரியிலும், மாமனார் வீட்டிலும் அவர் இடுக்கிதான். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்க வீட்டில் வைத்திருப்போமே, அந்த இடுக்கி. பேக்கரியில் ரொட்டித் தட்டை அடுப்பிலிருந்து இழுக்க மற்றவர்கள் சாக்குத்துணி தேடி அலையும்போது, இவர் வெறுங்கையால் பிடித்து இழுத்து மேஜையில் வைத்துவிட்டு, "என்னடா, இன்னும் துணி கெடைக்கலையா?" என்று கேட்பார். மாஸ்டரான பிறகும் அந்த வேலையை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளங்கை இரண்டும் செருப்புத் தோலாகிவிட்டன. மனிதருக்கு அதில் அப்படியொரு கர்வம்.

அவர் மனைவியைத் தெருவே இஸ்திரி அக்கா என்று கூப்பிடும். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். அவளுக்கும் சூட்டோடுதான் பிழைப்பு, ஆனால் அவள் வேறு ரகம். பெட்டியின் மேல் அவள் ஒருநாளும் நம்பிக் கை வைத்ததில்லை. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, பெட்டியின் அடியில் சட்டென்று ஒரு தட்டு. 'சுர்' என்று பொரிந்தால் பருத்தித் துணி, 'ஸ்' என்று இழுத்தால் பட்டு, சத்தமே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். காது கேட்டுச் சொல்வதைத்தான் அவள் நம்புவாள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கொதிக்கிற டீ டம்ளரை உள்ளங்கையில் ஏந்தியபடியே தான் பேசிக்கொண்டிருந்ததாகவும், அதைப் பார்த்தே அவள் மயங்கிவிட்டதாகவும் இடுக்கி ஊரெல்லாம் சொல்வார்.

"மயங்கவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல," என்பாள் அக்கா. "இந்த ஆளுக்கு மூளைக்கும் கைக்கும் நடுவுல கம்பி கிம்பி அறுந்துபோச்சான்னு பயந்துட்டேன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போது அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

படகு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இடுக்கியின் அண்ணன் காலமானபோது, அவருடைய பழைய மோட்டார் படகு ஒன்று படகுத் துறை ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. "உங்க அண்ணன் அதைப் பெத்த பிள்ளையாட்டம் வெச்சிருந்தாரு. நீங்க எடுத்துக்கிறீங்களா, இல்ல பழைய சாமான்காரனைக் கூப்பிடட்டுமா?" என்று அண்ணி கேட்டாள். பழைய சாமான்காரன் என்ற சொல்லைக் கேட்டதும் இடுக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. வெயிலில் வெளுத்த ஃபைபர் உடம்பு, பின்புறம் யானைக்கனத்தில் ஒரு இன்ஜின், இருமி இருமித்தான் உயிர் பிடிக்கும். ஆனால் பிடித்துவிட்டால் போதும், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறக்கும். பேக்கரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் யாரையும் அதட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அது புது மாப்பிள்ளைக் களையைக் கொடுத்துவிட்டது. அக்கா அந்தப் படகுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள்.

சக்களத்தியை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு டிரெய்லர் வேண்டும். படகுக்குக் கீழே ஏற்கெனவே ஒன்று இருந்தது, ஆனால் உப்புத் தண்ணீரில் இறங்கி இறங்கி அதன் இரும்பு தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. ஊர்க்கோடியில் டிரெய்லர் செய்து விற்கும் வெல்டர் ஒருவர் இருந்தார். நல்ல தொந்தி, நல்ல வாய். அவரிடம் போனார்கள்.

"படகு என்ன எடைண்ணே?"

"பின்னாடி தகட்டுல அடிச்சிருக்கு தம்பி, பாரு."

"அது, அது பொறந்தப்போ இருந்த எடை. என் கல்யாண போட்டோவுல நான் எப்படி இருக்கேன் தெரியுமா? இப்ப என்னைப் பாருங்க." வெல்டர் தன் தொந்தியைத் தட்டிக்காட்டினார். "பழைய படகுக்கு அடித்தளத்துல பஞ்சு மாதிரி ஒண்ணு அடைச்சிருப்பாங்கண்ணே. வருஷக்கணக்கா தண்ணியக் குடிச்சிட்டு உக்காந்திருக்கும். அதுக்கு மேல இன்ஜின், டேங்க், பேட்டரி, நங்கூரம். தகட்ட நம்பி டிரெய்லர் வாங்கினா நடுரோட்டுல நிப்பீங்க."

வாடகை லாரியில் ஏற்றி, பழைய இரும்புக் கிடங்கின் எடைமேடையில் நிறுத்திப் பார்த்தார்கள். தகட்டில் இருந்ததைவிட ஏகப்பட்டது கூட. வெல்டர் சீழ்க்கையடித்தார். "ரெண்டு அச்சுல போட்டுடுங்கண்ணே. நாலு சக்கரம். நிம்மதியா தூங்கலாம்."

அங்கேதான் சந்து குறுக்கே வந்தது. இடுக்கியின் வீடு சந்தின் கடைசியில். நடுவில் ஒரு முடக்கு, அதற்கப்புறம் கேட். டிரெய்லரை இழுத்துவரும் அவருடைய ஜீப்போடு உள்ளே வரவே முடியாது. முடக்கிலேயே கழற்றிவிட்டு, டிரெய்லரைக் கையால் தள்ளித் திருப்பித்தான் கொண்டுவர வேண்டும். நாலு சக்கர டிரெய்லர் அப்படியெல்லாம் நின்ற இடத்தில் திரும்பிக்கொடுக்காது, டயர் தரையைச் சுரண்டிக்கொண்டு அடம்பிடிக்கும். இடுக்கி துணிக்கொடிக் கயிற்றைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சந்தை மூன்று தடவை அளந்தார். ஒற்றை அச்சுதான் சரிவரும்.

"சரி, ஒத்தை அச்சுக்கும் நல்லது இருக்கு," என்றார் வெல்டர். "லேசு. திருப்பச் சுலபம். பார்க்க வேண்டியது ரெண்டே சக்கரம். நான் கனத்த அச்சாவே போட்டுத் தர்றேன், ஸ்பிரிங் பட்டையும் ஒண்ணு கூட வெச்சுடறேன். ஆனா ஒண்ணுண்ணே. ரெண்டு அச்சுன்னா ஒரு சக்கரம் போனாலும் மீதி மூணு தாங்கும். இதுல ஒண்ணு போச்சுன்னா போச்சு. தாங்கறதுக்கு ஆளில்ல."

பிறகு அவர் குனிந்து, சக்கரத்தின் நடுவே உருண்டையாகப் புடைத்திருந்த இரும்பைத் தட்டினார். "இதுதான் ஹப். இதுக்குள்ளதான் பேரிங். கிரீஸ் வத்தினாலோ, தண்ணி போனாலோ, இறுக்கம் கூடினாலோ இது கொதிக்க ஆரம்பிக்கும். அதனால எங்க நிறுத்தினாலும் எறங்கி ரெண்டு பக்கமும் உள்ளங்கைய வெச்சுப் பாருங்க. வெச்ச கை வெச்சபடி இருக்கணும். 'ஆ'ன்னு எடுத்தீங்கன்னா, வண்டிய எடுக்காதீங்க. பின்னாடி வர்றவங்க உசுரு உங்க கையிலதான் இருக்கு."

"என் கையிலயா?" இடுக்கி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிக் கடகடவென்று சிரித்தார். "அப்ப கவலைய விடு தம்பி."

அக்கா அந்தச் சிரிப்பைப் பக்கத்திலிருந்து கேட்டாள். அவளும் கூடச் சிரித்தாள்.

இடுக்கியைச் சோம்பேறி என்றோ, அலட்சியக்காரர் என்றோ யாரும் சொல்ல முடியாது. சொன்னால் நாக்கு அழுகிவிடும். டிரெய்லரின் மூக்கு ஜீப்பின் கொக்கியில் எவ்வளவு பாரம் கொடுக்கிறது என்று பார்க்க, அக்கா உடம்பு எடை பார்க்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டுபோய் அதன்மேல் மூக்கை உட்கார வைத்தார். மூக்கு லேசாக இருந்தால் ஓடும்போது வால் ஆட்டும் என்று வெல்டர் சொல்லியிருந்தார். படகை ஒரு சாண் முன்னால் நகர்த்திக் கட்டினார். அந்த மிஷினில் அதற்கப்புறம் அக்கா ஏறி நின்றால் முள் எங்கெங்கோ ஓடியது.

"சக்களத்தி ஏறின தராசுல நான் ஏறினா அப்படித்தான் காட்டும்," என்றாள்.

ஒவ்வொரு தடவை தண்ணீரில் இறக்கி ஏற்றிய பிறகும் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். டயருக்கு வெயில் படாமல் சாக்கு போட்டு மூடினார். பின்விளக்கு எரிகிறதா என்று அக்காவை நிறுத்திவைத்துக் கத்தச் சொன்னார். ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும் மற்றவர்கள் மாதிரி உடனே டிரெய்லரைத் தண்ணீருக்குள் தள்ளமாட்டார். ஓடிவந்த சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் ஹப் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும் என்று கேட்டிருந்தார், அதனால் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை நிற்பார். இத்தனையும் சரியாகச் செய்தார். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம்.

வழியில் எங்கே நிறுத்தினாலும் இறங்கி, குனிந்து, இரண்டு ஹப்பிலும் உள்ளங்கையை அழுத்தி வைப்பார். வைத்துக்கொண்டே திரும்பி அக்காவைப் பார்ப்பார். "வெச்ச கை வெச்சபடி!" என்பார்.

மழை முடிந்து மறுபடி வெயில் வந்தபோது, பேரிங்கைக் கழற்றிப் புதுக் கிரீஸ் போட உட்கார்ந்தார். முற்றத்தில் செய்தித்தாள் விரித்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்து, உள்ளங்கையில் புதுக் கிரீஸை வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தித் திணித்தார். மாவு பிசைந்த கை, அந்த வேலையைப் பார்க்கவே அழகாக இருந்தது. மாட்டும்போதுதான் சிக்கல். அச்சு முனையில் ஒரு பெரிய நட். அதை ஸ்பேனரால் இறுக்கி, பிறகு தளர்த்திவிட்டு, கடைசியில் வெறும் விரல் நுனியால் மட்டும் திருகி நிறுத்த வேண்டும். 'போதும்' என்று விரல் நுனிக்கே தெரியும், அங்கே நிறுத்தி, நட் கழலாமல் பூட்டும் பின்னைச் செருகு என்பது வெல்டர் சொன்ன கணக்கு.

இடுக்கி விரல் நுனியால் திருகினார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் திருகினார். அப்போதும் தெரியவில்லை.

"லூசாத்தான் இருக்கும்போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்பேனரை எடுத்து இன்னும் கொஞ்சம் இறுக்கினார். அடுத்த பக்கமும் அப்படியே. பின்னைச் செருகி, மூடியைத் தட்டி மாட்டி, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தார்.

இந்தக் காலத்தில்தான் செருப்பு விஷயம். ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்தவர், வீட்டுக்குள் ஒற்றைச் செருப்போடு நுழைந்தார். பேத்தி, மகள் வயிற்றுப் பெண், ஆறு வயது வாயாடி, கைதட்டிக் குதித்தது. "தாத்தா ஒரு செருப்பு! தாத்தா ஒரு செருப்பு!" இடுக்கி குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். அக்கா இன்னொன்றைத் தேடிக்கொண்டு போனாள். சந்தின் முடக்குக்கும் அப்பால், நடுத்தெருவில் கிடந்தது. அவ்வளவு தூரம் வெறுங்காலில் ஜல்லிமேல் நடந்து வந்திருக்கிறார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வீட்டுக்கு வந்து அவர் முன்னால் அதைப் போட்டாள்.

"ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாங்க."

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

அடுத்தது காய்ச்சல். அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சுட்டாலும் இடுக்கிதான் தொட்டுப் பார்ப்பார். உப்பிய மாவைத் தொட்டே அடுப்பில் வைக்கும் பதம் சொன்ன கை என்பதால் அவருக்கு அந்தப் பதவி. அன்று அக்கா லாண்டரியில் இருந்தாள், மகள் வங்கியில் வேலையாக இருந்தாள். பேத்தி சோபாவில் சுருண்டு படுத்திருந்தது. இடுக்கி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் போட்டார்: "ஒண்ணுமில்லம்மா, வெளயாடின அசதி. சூடெல்லாம் இல்ல." சாயங்காலம் மகள் வந்து குழந்தையைத் தூக்கியவள் அலறினாள். உடம்பு அனலாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே குழந்தைக்குக் கை கால் இழுத்துக் கண் செருகிவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. காய்ச்சல் சட்டென்று ஏறியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். இடுக்கியும் சொன்னார், எல்லோரையும்விட உறுதியாகச் சொன்னார். அக்காவும் நம்பினாள், நம்பாமல் என்ன செய்வது?

குழந்தை தேறியதும், மகள் ஒரு லீவு நாளில் எல்லோருமாக மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அணைக்குப் போகலாம் என்றாள். ஜீப்பில் பின் சீட் முழுக்கக் கயிறும் பெட்ரோல் கேனும் மிதவை உடைகளும் அடைத்திருந்ததால், மகளும் பேத்தியும் தங்கள் சின்னக் காரில் வந்தார்கள்.

"நான் ஒட்டினாப்புலயே பின்னாடி வர்றேன்பா. கட்டு ஏதாவது அவுந்தா ஹாரன் அடிக்கிறேன்."

"அவுறுமா? யார் கட்டினது?" என்றார் இடுக்கி. மகள் என்னவோ ஒட்டினாப்போலவேதான் வந்தாள். அக்கா கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம், படகின் இன்ஜினுக்குப் பின்னால் அந்தச் சின்னக் காரும், உள்ளே கையாட்டும் பேத்தியும் தெரிந்தார்கள்.

அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தினார்கள். இடுக்கி வழக்கம்போல இறங்கிக் குனிந்து, இரண்டு ஹப்பிலும் கையை வைத்து, "வெச்ச கை வெச்சபடி!" என்றார். கடை நாய் ஒன்று டிரெய்லர் நிழலில் படுக்க வந்தது. சக்கரத்துப் பக்கமாகப் போய் முகர்ந்துவிட்டு, விலகி, வெயிலிலேயே போய்ப் படுத்தது. அக்கா மூக்கில் லேசாகக் கருகல் வாடை அடித்தது. தன் புடவையைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். லாண்டரிக்காரிக்குக் கருகல் வாடை எங்கே போனாலும் கூடவே வரும், அதனால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏற்றம் நீளமாக இருந்தது. ஜீப் முனகிக்கொண்டே ஏறியது. மலை உச்சியில், இறக்கம் தொடங்கும் இடத்தில், பேத்திக்கு அவசரம் என்று மறுபடி நிறுத்தினார்கள். இடுக்கி திரும்பவும் டிரெய்லருக்குப் போனார். குழந்தை பின்னாலேயே ஓடியது.

"தாத்தா, நானும் தொடறேன்! நானும் வெச்ச கை வெச்சபடி!"

"அடி, கிரீஸ் ஒட்டிக்கும், புது கவுனு!" என்று அக்கா பாய்ந்து குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

அன்று குழந்தையைத் தொடவிட்டிருந்தால் அது வீறிட்டிருக்கும், விஷயம் அங்கேயே வெளிவந்திருக்கும். ஒரு கவுனுக்காகப் பார்த்தேனே என்று அக்கா இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள். பாவம், அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? இடுக்கி ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் போய், உள்ளங்கையை அழுத்தி வைத்து, சாவகாசமாக எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினார். "ரெண்டும் பச்சத்தண்ணி," என்றார்.

இறங்க ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தாழ்வான கட்டைச்சுவர், அதற்கு அப்பால் வெறும் ஆகாயம். முதல் வளைவில் இடுக்கி ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியபோது அவருடைய வலது உள்ளங்கை அக்காவின் பக்கம் திரும்பியது.

கையில் ஒரு வட்டம் இருந்தது. அச்சுக் குத்தினாற்போல் சுத்தமான வட்டம். ஓரம் சிவந்து, நடுவில் தோல் வெளுத்துச் சுருங்கி ஈரமாகப் பளபளத்தது.

அக்காவுக்குச் சூட்டுக்காயம் தெரியும். எத்தனை பேர் கையை இஸ்திரிப் பெட்டியில் சுட்டுக்கொண்டு வந்து அவளிடம் காட்டியிருக்கிறார்கள்! சிவந்தால் மேலோடு போகும், வெளுத்தால் உள்ளே இறங்கிவிட்டது. இது வெளுத்திருந்தது.

"கையில என்னங்க?"

"எங்க?"

"வலது கையில."

அவர் ஒரு நொடி பார்த்தார். "எங்கியாச்சும் பட்டிருக்கும்."

"எங்க படும்? ரொட்டி அடுப்பா எரியுது இங்க?"

"விடு, ரோட்டப் பார்க்க விடு."

அக்கா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுத்தெருவில் கிடந்த செருப்பு ஞாபகம் வந்தது. சோபாவில் சுருண்டிருந்த குழந்தை ஞாபகம் வந்தது. கொதிக்கிற டீ டம்ளரை ஏந்தியிருந்த அந்தப் பழைய கையும் ஞாபகம் வந்தது.  கண்ணாடியைப் பார்த்தாள். படகு, அதன் பின்னால் ஒட்டினாற்போல் சின்னக் கார், பேத்தி கையாட்டியது.

கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்துப் போனை எடுத்தாள். "ஏய், நீ வண்டிய நிறுத்து. இப்பவே ஓரங்கட்டு."

"ஏம்மா? என்ன ஆச்சு?"

"கேள்வி கேக்காத! நில்லுன்னா நில்லு! பின்னாடி வராத!"

"உனக்கென்ன பைத்தியமா?" என்று இடுக்கி கத்தினார். "இப்பதானே தொட்டுப் பார்த்துட்டு வந்தேன்! உன் கண்ணு முன்னாடிதானே கைய வெச்சேன்?"

"வெச்சீங்க. உங்க கைக்குத் தெரியலைங்க."

"என்ன தெரியல?"

"சூடு தெரியல. ரொம்ப நாளா தெரியலபோல. வண்டிய நிறுத்துங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

  இடுக்கி கியரைக் குறைத்தார். பிரேக்கை அழுத்தாமல், தொட்டுத் தொட்டு வேகத்தைப் பிடித்தார். கண்ணாடியில் சின்னக் கார் சாலையோரம் ஒதுங்கிச் சிறிதாகிக்கொண்டே போனதை அக்கா பார்த்தாள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது, இரும்பு இரும்பைத் தின்கிற சத்தம். ஜீப்பை யாரோ பின்னாலிருந்து பிடித்து உலுக்கியது போல இருந்தது. "ஐயோ!" என்றார் இடுக்கி. அடுத்த நொடி இடது பக்கத்துச் சக்கரம் தனியாக, தன்பாட்டுக்கு, ஜீப்பைத் தாண்டி முன்னால் ஓடியது. கட்டைச்சுவரில் மோதி எழும்பி அந்தப் பக்கம் போய்விட்டது. அது கீழே விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

டிரெய்லரின் இடது பக்கம் தரையில் இடித்து, பொறி பறக்க இழுபட்டுக்கொண்டு வந்தது. கட்டுக் கயிறு அறுந்தது. சக்களத்தி குறுக்கே சரிந்து சாலையில் விழுந்து, இன்ஜின் பக்கம் மலையைப் பார்க்க, தானே தேய்ந்து தேய்ந்து நின்றது. ஜீப்பும் நின்றது. மகளின் கார் ஒட்டினாற்போல் வந்திருந்தால் எங்கே இருந்திருக்குமோ, சரியாக அந்த இடத்தில் படகு கிடந்தது.

அக்கா இறங்கி மேலே பார்த்தாள். தூரத்தில் மகள் காரிலிருந்து இறங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது.  அக்கா கட்டைச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவேண்டும்போல் இருந்தது, அழுகை வரவில்லை.

இடுக்கி டிரெய்லரைச் சுற்றிவந்தார். இடது பக்கம் அச்சின் முனை நீலம் பாரித்துப் புகைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வலது பக்கம் போனார். அங்கே சக்கரம் இன்னும் இருந்தது. குந்தி உட்கார்ந்து, ஹப்பில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க வா," என்றார். "இது சூடே இல்ல. நீயே பாரு."

அக்கா அருகில் போய்க் குனிந்தாள். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, அவருடைய கைக்குப் பக்கத்திலேயே அந்த இரும்பில் தட்டினாள்.

'சுர்' என்று பொரிந்தது.

இடுக்கி அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஆனால் கையை எடுக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிடுவது காதில் விழுமா என்று கேட்கிறவர் மாதிரி, இன்னும் அழுத்தி வைத்தார். தோல் கருகும் வாடை எழுந்தது.

"எடுங்க கைய! ஐயோ, எடுங்க!"

"இரு. கொஞ்சமாவது தெரியுதான்னு பார்க்கிறேன்."

அவள் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எடுத்தாள். கையில் வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் விழுந்திருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடையது இல்லை என்பது போலப் பார்த்தார்.

"அன்னைக்குக் கொழந்தை நெத்தியில இதைத்தானே வெச்சேன்," என்றார்.

 

மகள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். குறுக்கே கிடந்த படகையும் ஒற்றைச் சக்கரத்தையும் பார்த்தாள்.  பேத்தி அவள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, "தாத்தா, சக்கரம் எங்க ஓடிச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்து, அவருடைய இடது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

இடுக்கி அந்தக் கைகளைக் குனிந்து பார்த்தார். விரல்களை மெல்ல மடக்கினார், அழுத்திவிடுவோமோ என்று பயந்து திரும்பத் திறந்தார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். 

"இவ கை சூடா இருக்கா, ஜில்லுனு இருக்கா?" என்று கேட்டார். "நீ தொட்டுப் பார்த்துச் சொல்லு."

அக்கா குழந்தையின் கையைத் தொட்டாள்.

"வெதுவெதுன்னு இருக்குங்க," என்றாள்.